நிசார் நானாவின் கடையை உடைக்கிறார்கள்

நிசார் நானாவின் கடையை உடைக்கிறார்கள் என்று குடும்பக் குழுவில் யாரோ செய்தி போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே சிலர் அழுகிற முகம் போட்டிருந்தார்கள். நான் ஒன்றும் போடவில்லை. மறுநாள் காலையில், பல் டாக்டரிடம் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு அலவத்துகொடையில் கண்டி பஸ் ஏறினேன்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? என் பற்களுக்கு ஒன்றுமில்லை. அந்தக் கடை உடைபடுவதைக் கண்ணால் பார்க்கத்தான் போனேன். பெருநாளுக்கு எடுத்த அபாயாவைக்கூட உடுத்தியிருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் தெருவைப் பார்த்த மேசையாகத் தேடி உட்கார்ந்து, பால் ஊற்றாத ஒரு பிளேன்டியும் ஒரு மீன் பணிஸும் சொல்லிவிட்டு, படம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். கூரை ஏற்கெனவே போயிருந்தது. இரண்டு பேர் உள்ளே இருந்த நீண்ட மரமேசையை அலவாங்கால் நெம்பிக்கொண்டிருந்தார்கள். அது பிளந்தபோது தூசியோடு ஒரு வாசனை தெருவைத் தாண்டி வந்தது. ரேடியோக் கம்பிக்கு ஈயம் பிடிக்கும்போது குங்கிலியம் கருகிவருமே, அந்த வாசனை. ஆண்டுக்கணக்கில் அந்த மரம் குடித்துவைத்திருந்ததை எல்லாம் ஒரேயடியாக வெளியே விட்டது.

எனக்கு மிகவும் பிடித்த வாசனை அது. என் எதிரியின் வாசனையும் அதுதான் என்பது என்னுடைய கஷ்டம்.

வாப்பா குவைத்தில் ட்ரைவராக இருந்தார். ஒருமுறை லீவில் வந்தபோது கழுத்தில் ஒரு ரேடியோவைத் தொங்கவிட்டுக்கொண்டே வேனிலிருந்து இறங்கினார். தோல் உறை போட்ட கறுப்புப் பெட்டி. ஏரியலை முழுக்க இழுத்தால் அலுமாரியின் தலையைத் தொடும். வீட்டில் எங்களுக்கு இல்லாத சட்டமெல்லாம் அந்த ரேடியோவுக்கு இருந்தது. ஈரக் கையால் தொடக்கூடாது, முள்ளை வேகமாகத் திருப்பக்கூடாது, எக்காரணம் கொண்டும் பின்மூடியைத் திறக்கக்கூடாது. திரும்பிப் போகும்போது அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். "ஒலகத்துல எனத்த நடந்தாலும் இது ஒங்களுக்குச் சொல்லும்" என்றார்.

அன்றிலிருந்து உம்மா பின்னேரம் தவறாமல் ஷோர்ட் வேவில் லண்டன் தமிழ்ச் செய்தி கேட்பார். உலக அரசியலில் உம்மாவுக்கு ஒரு அக்கறையும் இருந்ததில்லை. அதே குரலை அதே நேரத்தில் வாப்பாவும் அங்கே கேட்டுக்கொண்டிருப்பார் என்பது மட்டும் அவருக்குப் போதும். செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்னால் உம்மா தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொள்வார்.

நிசார் நானா எங்கள் ஊர்க்காரர்தான், ஊர் முறைக்கு அண்ணன் என்பதால் நானா. கண்டியில் ரேடியோ திருத்துகிற கடை வைத்திருந்தார். வெள்ளைச் சட்டை, பையில் பேனை மாதிரிச் செருகிய, திருகாணி கழற்றுகிற சின்னத் திருப்புளி, எப்போதும் ஒரு சிரிப்பு. அவருக்காக அவருடைய உம்மா என்னைப் பெண் கேட்டு வந்தபோது நான் அறைக்குள் போய்க் கண்ணாடி பார்த்தேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிக்க வேண்டாம்.

வாப்பாவிடம் கேட்டு முடிவு சொல்வதாக உம்மா சொல்லி அனுப்பினார். அந்தக் காலத்தில் வாப்பா கடிதம் எழுதமாட்டார். கெசட்டில் பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார். நிசார் நானாவின் உம்மா இரண்டாம் தடவை, கையில் வட்டிலப்ப இனிப்போடு வந்து எங்கள் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து ஒரு கெசட் வந்தது. வாப்பாவின் குரலைக் கேட்கிற ஆசையில் உம்மா அதை அங்கேயே, வீட்டிலிருந்த டேப் ரெக்கோர்டரில் முழுச் சத்தத்தில் போட்டுவிட்டார். சலாம், சுகம், வெயில் எல்லாம் முடிந்து வாப்பா சொன்னார்: "அந்த நிசார்ட பேச்ச இத்தோட வுடுங்க. மாத்தளப் புள்ளக்கி நாள் குறிச்சதுக்குப் பொறவு வேணாம்டவன் அவன். ஒரு புள்ளய கேவலப்படுத்தினவன்ட கையில என்ட புள்ளய குடுக்க ஏலா."

உம்மா பதறிப்போய் நிறுத்துகிற பொத்தானை அழுத்தினார். அழுத்தியது நிறுத்துகிற பொத்தானை அல்ல. நாடா பின்னால் ஓடியது. மறுபடி அழுத்தியதில் வாப்பா மறுபடியும், "அந்த நிசார்ட பேச்ச" என்று தொடங்கினார். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. நிசார் நானாவின் உம்மா வட்டிலப்பத்தின் மேல் துணியைத் திரும்பக் கட்டி எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலத்தில்தான் குவைத்துக்குள் ஈராக் படை புகுந்தது. போனும் இல்லை, கெசட்டும் இல்லை, ஊருக்கு வருகிற ஆளும் இல்லை. பாலைவனத்தில் ட்ரைவர்களை லொறியோடு எரித்துவிட்டார்கள் என்று சந்தையில் ஒரு கதை, ஜோர்தான் பக்கம் நடந்தே போகிறார்களாம் என்று பள்ளிவாசல் பக்கம் ஒரு கதை. உம்மா ரேடியோவின் பக்கத்திலிருந்து எழும்பவே இல்லை. அந்த நேரம் பார்த்து அதில் கரகரப்பு வந்தது. சத்தம் கூட்டுகிற குமிழைத் தொட்டால் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி.

நான் அப்போது கண்டியில் தொழில்நுட்ப வகுப்பொன்றில் ரேடியோ திருத்தப் படித்துக்கொண்டிருந்தேன். தையல் வகுப்பில் இடம் கிடைக்காததால் வந்த படிப்பு அது. நான் திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். போன கிழமைதான் வகுப்பு மொத்தத்துக்கும் கரண்ட் போகவைத்திருந்தேன், அது உம்மாவுக்கும் தெரியும். "ஈக்கிறதும் போறதுக்கா?" என்று, இருக்கிறதும் போய்விடுமோ என்கிற பயத்தில் கேட்டுவிட்டு, என் கண் முன்னாலேயே ரேடியோவைத் துணியில் சுற்றி நிசார் நானாவுக்குக் கொடுத்து அனுப்பினார். கெசட் விவகாரத்துக்குப் பிறகுமா என்று நான் கேட்டதற்கு, "ஊர்ப் பொடியன். மனசுல எனத்தயும் வச்சிக்க மாட்டான்" என்றார்.

சில நாளில் நிசார் நானாவே கொண்டுவந்தார். வாசலில் நின்றபடி சொன்னார்:

"கரகரப்பு சரி மாமி. ஆனா ஷோர்ட் வேவ் பகுதி எரிஞ்சி போயீக்கி. சாமான் ஜப்பான்ல இருந்து வரணும். மீடியம் வேவ் நல்லா வேல செய்யும், கொழும்பக் கேளுங்க."

"எவ்வளவு மகன்?"

"சீ, மாமா அங்க கஷ்டத்துல ஈக்கக்குள்ள ஒங்கள்ட்ட சல்லி எடுக்கவா?"

உம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் படி இறங்கும்வரை துஆ கேட்டுக்கொண்டே நின்றார்.

கொழும்பு என்ன சொல்லும்? அரசாங்கம் வேண்டிய நடவடிக்கைகளை எடுத்துவருகிறது என்று சொல்லும். தெருமுனையில் ஒரு வியாபாரியின் வீட்டில் ஷோர்ட் வேவ் ரேடியோ இருந்தது. ஆனால் அங்கே ஹோலில் ஆம்பிளைகள் உட்கார்ந்து கேட்பார்கள். பெண்கள் குசினிப் பக்கம் நின்றால், கேட்டுவிட்டு எழும்பி வருகிறவர் பாதியை மறந்துவிட்டு மீதியைச் சொல்வார். ஒருநாள் ஒருவர் எல்லை திறந்துவிட்டது என்றார், இன்னொருவர் மூடிவிட்டது என்றார். அன்று வீட்டுக்கு வந்த உம்மா சோற்றைப் போட்டு, பிசைந்து, அப்படியே கோழிக்குக் கொட்டினார். மறுநாளும் அப்படித்தான். பிறகு போடுவதையும் விட்டுவிட்டார். தேத்தண்ணியும் ஈத்தம்பழமுமாகவே இருந்தார்.

நான் ரேடியோவைப் பாடப் புத்தகங்களுக்கு நடுவில் வைத்து வகுப்புக்குக் கொண்டுபோனேன். வாப்பாவின் சட்டத்தை மீறுவதற்குத் துணை வேண்டும் அல்லவா, அதற்குச் செல்வராணி இருந்தாள். அம்பிட்டியவிலிருந்து வருவாள். அப்பா மாநகரசபையில் வேலை. வகுப்பில் நாங்கள் இருவர்தான் பெண்கள். மதியச் சாப்பாட்டு நேரம் ஆய்வுகூடத்தில் யாரும் இல்லாதபோது பின்மூடியைக் கழற்றினோம். நான் எரிந்த இடத்தைத் தேடினேன். செல்வராணி முகத்தை உள்ளே விட்டு முகர்ந்தாள்.

"எரிஞ்ச வாசமே இல்லையே. இங்க பாரு புள்ள. இது எரியல. வெட்டியிருக்காங்க."

ஷோர்ட் வேவ் கொயிலுக்குப் போகிற முடி போன்ற செப்புக் கம்பி துண்டாகி நின்றது. அறுந்த கம்பி என்றால் நுனி இழுபட்டுக் கூராக இருக்கும். இது கட்டர் வைத்து நறுக்கியது, நுனி தட்டையாகப் பளபளத்தது. கொயில்களுக்குள் இருக்கும் கருந்திருகுகளின் மேல் கொம்பனி ஊற்றிய மெழுகு உடைந்திருந்தது. திருகுகள் அடிவரை இறக்கப்பட்டிருந்தன. யாராவது கம்பியை ஒட்டினாலும் ஒரு நிலையமும் அதன் இடத்தில் இருக்கக்கூடாது என்று நினைத்துச் செய்த வேலை.

உம்மா கோழிக்குக் கொட்டிய சோறுதான் கண்ணுக்குள் நின்றது. அடிக்கிற கோபம் என்றால் ஒரு நாளில் போய்விடும். இது அப்படி வரவில்லை. நிதானமாக வந்து, கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டது.

கம்பியை நான் ஒட்டினேன். அதற்குப் பிறகுதான் பெரிய வேலை. குறித்த அலைவரிசையில் ஒரு ஊளைச் சத்தத்தை அனுப்புகிற கருவி ஆய்வுகூடத்தில் இருந்தது. அதை வைத்து முள்ளின் கீழ்ப்பக்கத்தில் கொயிலின் திருகையும், மேல்பக்கத்தில் ட்ரிமர் என்கிற குட்டித் திருகையும் சரிசெய்ய வேண்டும். ஒன்றைச் சரியாக்கினால் மற்றது நழுவும். அதைப் பிடித்தால் இது நழுவும். இரண்டும் அடங்கும்வரை போய்ப் போய் வர வேண்டும். இரும்புத் திருப்புளி பட்டாலே அலை விலகிவிடும் என்பதால், செல்வராணி தையல் வகுப்புக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் பின்னல் ஊசி வாங்கிவந்து அதன் நுனியைச் சீவித் தந்தாள். மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டிய வேலை அது. ஒவ்வொரு திருப்பலுக்கும் நிசார் நானாவின் காதைத் திருகுவதாக நினைத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பொறுமையாக நான் எதையும் செய்ததில்லை.

அன்று பின்னேரம் உம்மாவின் முன்னால் ரேடியோவை வைத்து ஏரியலை இழுத்தேன். முதலில் இரைச்சல். பிறகு அந்தக் குரல் வணக்கம் சொன்னது. உம்மாவின் கை முக்காட்டுக்குப் போனது. ஜோர்தான் எல்லை திறந்திருக்கிறது, இலங்கைக்காரர்கள் உட்பட ஆயிரக்கணக்கானவர்கள் முகாம்களுக்கு வந்துவிட்டார்கள், விமானங்கள் போகின்றன என்று அந்தக் குரல் யாருடைய மறதியும் கலக்காமல் சொன்னது. செய்தி முடிந்ததும் உம்மா எழும்பிப் போய்ச் சோற்றுப் பானையைத் திறந்தார்.

சாப்பிட்டு முடித்த பிறகு கம்பி வெட்டியிருந்ததைச் சொன்னேன். உம்மா விரலை நக்கிக்கொண்டே, "அப்பிடிச் சொல்லாதீங்க புள்ள. அவன் சல்லி கூட எடுக்கல்ல" என்றார்.

அந்த ஒரு பேச்சுக்காகத்தான் சனிக்கிழமை செல்வராணியையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கடையில் நல்ல கூட்டம். ரேடியோவை அந்த மரமேசையில் வைத்து மூடியைக் கழற்றினேன்.

"நிசார் நானா, இந்தக் கம்பிய எந்தக் கட்டரால வெட்டினீங்க?"

அவர் குனிந்து உள்ளே பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார் என்றே எனக்குப் பட்டது. நிமிர்ந்தபோது சிரிப்பு திரும்பி வந்திருந்தது.

"இது எலிட வேல தங்கச்சி. ஒங்கட ஊட்டுல எலி ஈக்கி போல."

கடையே சிரித்தது. எலி திருகாணி திருப்புமா என்று செல்வராணி கேட்டாள். அதற்கும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. ஹுன்னஸ்கிரியவில் தேயிலைத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்தவர். அவருடைய ரேடியோவும் ஜப்பான் சாமானுக்காக அங்கே மாசக்கணக்கில் காத்துக்கிடந்தது. "தம்பி, என் செட்டக் குடுங்க. எலி வர்றதுக்கு முந்தி நான் கொண்டு போறேன்" என்றார். அதைக் கையில் வாங்கிக்கொண்டு பஸ் நிலையம்வரை எங்கள் பின்னாலேயே வந்து, என்னிடம் நீட்டினார்.

"நீங்களே பாருங்கம்மா. இதுக்கு மேல கெட என்ன இருக்கு?"

அப்படித்தான் எனக்கு ஒரு தொழில் வந்தது.

வாப்பா கொஞ்ச நாளில் ஒரு பையோடு வந்து சேர்ந்தார். பாதி உடம்புதான் வந்திருந்தது. வந்த அன்றே நிசார் நானா வீடு தேடி வந்து அவரைக் கட்டிப்பிடித்து சலாம் சொன்னார். நான் நடந்ததைச் சொன்னபோது வாப்பா களைப்போடு, "விடு மகள். உசிரோட வந்துட்டேன்தானே" என்றார். உம்மாவோ எலிப்பொறி வாங்கிவரச் சொன்னார். அந்தப் பொறியில் ஒரு எலி விழுந்தும் தொலைத்தது. உம்மா அதை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார்.

நான் விடவில்லை. வீட்டு முன்னறையில் மேசை போட்டேன். நிசார் நானா தான் கைவைத்த செட்டின் திருகுகளில் அடையாளத்துக்குச் சிவப்பு நகச்சாயம் ஒரு பொட்டு வைப்பார். சிவப்புப் பொட்டோடு வருகிற ரேடியோ எதுவானாலும் அதற்கு நான் கூலி வாங்குவதில்லை என்று ஊரில் பரப்பினேன். வந்தன. அக்குறணையிலிருந்து வந்தன, மாத்தளை ரோட்டிலிருந்து வந்தன. சிவப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு நீலம் வைத்தேன். நகத்துக்கு ஒருநாளும் பூசாத நான் நீலச் சாயம் வாங்குவதைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு ஓடியது. சிவப்புப் பொட்டு இல்லாதவர்கள்கூட வீட்டிலேயே ஒன்று வைத்துக்கொண்டு வந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. எப்படி நட்டப்பட்டிருப்பேன் என்று யோசித்துப் பாருங்கள். கல்யாணமான புதிதில் என் கணவர் ஒருநாள் கேட்டார்: "நீங்க ரேடியோவயா திருத்துறீங்க, நிசாரயா?"

அவருடைய கடையில் கூட்டம் குறைந்தது. நான் பஸ்ஸில் போகும்போது கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொள்வேன். பிறகு அவர் மணிக்கூடு திருத்தினார், டோர்ச் விற்றார், போனுக்கு உறை விற்றார். அந்த நேரத்தில் என் மேசைக்கும் ரேடியோ வருவது நின்றுபோயிருந்தது. ஆனால் அவருக்கு முதலில் நின்றது. அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு திருப்தி உண்டு. உம்மா மட்டும் கடைசிவரை, நிசாரின் பேச்சு வந்தால், "பாவம், எலி செஞ்ச வேலக்கி அவன் பொழப்புப் போச்சி" என்பார். மௌத்தாவதற்குக் கொஞ்ச நாள் முன்னாலும் சொன்னார்.

மீன் பணிஸ் முடிந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு தடியை ஊன்றிக்கொண்டு ஒருவர் தேத்தண்ணிக் கடைக்குள் வந்தார். தலையில் தொப்பி, வெள்ளைச் சட்டை. என் மேசைக்கு எதிரே நின்று, "இருக்கட்டா தங்கச்சி?" என்றார். நான் ஓ என்று சொல்லவில்லை. நிசார் நானா உட்கார்ந்துவிட்டார்.

"பாக்க வந்தீங்களா?"

"ஓ. பாக்கத்தான் வந்தேன்."

எதிரே பக்கச் சுவர் ஒன்று விழுந்தது. தூசி அடங்கும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மாமி மௌத்தான நேரம் வர நெனச்சேன். வரல்ல."

"நல்லதாப் போச்சி."

அவர் மேசையில் சிந்தியிருந்த தேத்தண்ணியை விரலால் ஒரு கோடாக இழுத்தார். பிறகு தெருவைப் பார்த்தபடியே சொன்னார்:

"அந்த ஒட்டு நல்லா ஈந்திச்சி தங்கச்சி. நான் வெட்டின எடமே தெரியாம ஒட்டீந்தீங்க. அன்டைக்கே பாத்தேன்."

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் கேட்டேன்.

"அப்ப எலி?"

"எலி எங்க? நான்தான். அந்தக் கெசட்டுக்குப் பொறவு எங்கட உம்மா ஒரு கலியாண ஊட்டுக்கும் போகல்ல."

"எங்கட உம்மா சோறே திங்கல்ல."

அவர் தலையை ஆட்டினார். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் கொடுத்திருக்கமாட்டேன்.

இந்த நேரத்தை நான் எத்தனையோ தடவை மனசுக்குள் நடத்திப் பார்த்திருக்கிறேன். அதில் எப்போதும் உம்மா கதிரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். வாப்பா வாசலில் நிற்பார். அன்று சிரித்தவர்கள் எல்லோரும் மேசையைச் சுற்றி நிற்பார்கள். செல்வராணி என் தோளை இடிப்பாள். உம்மாவும் வாப்பாவும் போய்விட்டார்கள். செல்வராணி வவுனியாப் பக்கம் கலியாணமாகிப் போனாள், இப்போது எங்கே என்று தெரியாது. சிரித்தவர்கள் யார் யார் என்றே எனக்கு ஞாபகமில்லை. பின்னேரங்களில் ஷோர்ட் வேவில் வணக்கம் சொல்கிற அந்தக் குரலும் இல்லை, அந்த நிலையமும் இல்லை. முள்ளை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஓட்டினால் சீன மொழியில் யாரோ பேசுவார்கள், மீதி இரைச்சல். ஒரு மனிதர் கடைசியில் வாய் திறந்து உண்மையைச் சொல்கிறார், கேட்க வேண்டியவர்களில் ஒருவரும் மிச்சமில்லை.

எனக்கு அது பொறுக்கவில்லை.

"இன்னொருக்காச் சொல்லுங்க" என்றேன். "சத்தமாச் சொல்லுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தடியை இறுகப் பிடித்துக்கொண்டு, கடை முழுக்கக் கேட்கிறாற்போல் சொன்னார்:

"அந்தக் கம்பிய வெட்டின நான்தான்."

பக்கத்து மேசைகளில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டுத் தங்கள் போன்களுக்குத் திரும்பினார்கள். பரிமாறுகிறவர் மட்டும் அவசரமாக வந்தார். நரைத்த மீசை, தோளில் துண்டு. தமிழ் தெரியாதவர். தன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்து, வேறு என்ன வேண்டும் என்று சிங்களத்தில் கேட்டார்.